எடை குறைந்த பிறகு தளர்ந்து நிற்கும் தோலும் மனத்தில் தங்கிவிட்ட பழைய உருவமும்

இரண்டு ஆண்டுகளில் 52 கிலோ எடையைக் குறைத்து, கடந்த ஐந்து மாதங்களாக அதே எடையில் இருக்கிறீர்கள் என்றும், அடிவயிற்றிலும் மேல்கைகளிலும் உள்தொடைகளிலும் தோல் மடிந்து தொங்குகிறது என்றும், பருமனாக இருந்த காலத்தைவிட இப்போதுதான் உடலைப் பார்க்க அதிகமாகக் கூசுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தோல் தானாகச் சுருங்குமா, களிம்பும் உடற்பயிற்சியும் உதவுமா, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா, வாழ்க்கைத் துணையின் முன் எழும் கூச்சத்தை என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள். எடைக் குறைப்புச் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் மருத்துவர் என்ற முறையில் இவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இதே கேள்விகளோடு வருகிற பலர், எடை குறைக்கத் தொடங்கிய நாளில் இதைப் பற்றித் தங்களிடம் யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

உங்கள் கேள்விகளுக்குள் இரண்டு வேறு துன்பங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று தோல் தரும் துன்பம்: மடிப்பில் வியர்வை, அரிப்பு, புண், நடக்கும்போது உராய்வு, எந்த உடையும் பொருந்தாமை. மற்றொன்று தன் உருவத்தை எண்ணி மனம் படும் துன்பம். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்றாலும், அவை ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலமும் வேறு, கேட்கும் சிகிச்சையும் வேறு. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான் என்பது என் கருத்து. சிலர் மனத்தின் துன்பத்தைத் தீர்க்க அறுவை சிகிச்சையை மட்டுமே நம்புகிறார்கள்; வேறு சிலர், மருத்துவத்தால் எளிதில் தீரக்கூடிய தோல் துன்பத்தை, மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் தோல். அதை ஒரு பலூனைப் போல எண்ணிக்கொண்டு, உள்ளே இருந்தது இறங்கியதும் அது பழைய அளவுக்குச் சுருங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் நீண்ட காலம் இழுவிசைக்கு உட்படும் தோல் வெறுமனே இழுபட்டு நிற்பதில்லை; அது வளர்கிறது, புதிய செல்களை உண்டாக்கிப் பரப்பளவைக் கூட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர்கள் இந்தத் தன்மையையே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். தீக்காயத் தழும்பு இருந்த இடத்தை மூடவோ, புற்றுநோயால் நீக்கப்பட்ட மார்பகத்தை மீட்டமைக்கவோ கூடுதல் தோல் தேவைப்படும்போது, தோலுக்கு அடியில் ஒரு சிலிகோன் பையை வைத்து, வாரக்கணக்கில் அதற்குள் உப்புநீரைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். மேலே தேவையான தோல் வளர்ந்துவிடும். பல ஆண்டுகள் பருமனாக இருந்த உடலில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுதான். உங்கள் வயிற்றில் தொங்குவது, அன்றைய உடலை மூடிக் காப்பதற்காக முறையாக வளர்ந்த உயிருள்ள தோல். நீங்கள் ஏதோ தவறு செய்ததன் அடையாளம் அன்று அது.

அது ஏன் திரும்பச் சுருங்கவில்லை என்பதற்கு உள்தோலில் உள்ள இரண்டு நார்ப்புரதங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கொலாஜன் தோலுக்கு உறுதி தருகிறது; எலாஸ்டின் இழுத்துவிட்டால் திரும்பும் தன்மையைத் தருகிறது. உடல் தன் எலாஸ்டினின் பெரும்பகுதியைக் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உண்டாக்கிவிடுகிறது. வளர்ந்த பின் சேதமடைந்த எலாஸ்டின் நார்களுக்கு ஈடாகச் செம்மையான புதிய நார்கள் அநேகமாக உருவாவதில்லை. ஆகவே எவ்வளவு எடை குறைந்தது, எத்தனை ஆண்டுகள் பருமனாக இருந்தீர்கள், இப்போது என்ன வயது, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, தோல் எவ்வளவு வெயில் பட்டது, எத்தனை முறை கருவுற்றீர்கள், பெற்றோரிடமிருந்து வந்த தோலின் இயல்பு என்ன என்பவை எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை இப்போது உங்கள் கையில் இல்லை. புகைபிடிப்பவராக இருந்தால், அதை நிறுத்துவது மட்டும் இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கிறது.

தானாகச் சுருங்குமா என்ற கேள்விக்கு, ஓரளவு சுருங்கும் என்பதே நேர்மையான பதில். எடை நிலைபெற்ற பிறகு ஓராண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை தோல் மெல்ல மெல்ல இறுகுவது உண்டு; இளம் வயதினருக்கும், குறைத்த எடையின் அளவு சிறியதாக இருந்தவர்களுக்கும் இது கூடுதலாகத் தெரியும். ஆனால் 50 கிலோவைத் தாண்டி எடை குறைத்தவர்களுக்கு, மடிந்து தொங்கும் அடிவயிற்றுத் தோல் முழுமையாக மறைந்துவிடும் என்று என்னால் சொல்ல முடியாது.

களிம்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். களிம்பில் உள்ள கொலாஜன் மூலக்கூறு தோலைக் கடந்து உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரியது. ரெட்டினாய்டு வகைக் களிம்புகள் மேற்பரப்பின் மெல்லிய சுருக்கங்களைக் குறைக்குமே தவிர மடிப்பைத் தூக்கிப் பிடிக்காது, கருவுற்றிருப்பவர்கள் அவற்றைப் பயன்படுத்தவும் கூடாது. வெப்பம் செலுத்தும் ரேடியோ அதிர்வலை, அல்ட்ராசவுண்ட் கருவிகள் இலேசான தளர்ச்சிக்குச் சிறிது உதவலாம். உங்கள் அளவில் அவற்றுக்குச் செலவிடுவது வீண். வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டி வியர்க்க வைக்கும் பட்டைகளால் வெளியேறுவது நீர் மட்டுமே.

உடற்பயிற்சியின் நிலை வேறு. எடை குறையும்போது கொழுப்போடு தசையின் ஒரு பகுதியும் கரைந்துவிடுகிறது. அந்தத் தசையைப் பளு தூக்கும் பயிற்சியால் மீட்டெடுத்தால், தோலுக்கு அடியில் வெறுமையாகிவிட்ட இடத்தில் ஒரு பகுதி மீண்டும் நிரம்பும். மேல்கை, தோள், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் பல மாதப் பயிற்சிக்குப் பிறகு வேறுபாடு தெரியும். அடிவயிற்றில் பெரிதாகத் தெரியாது, ஆகவே அதற்காகவென்று வயிற்றுப் பயிற்சிகளை நூற்றுக்கணக்கில் செய்து களைத்துப்போக வேண்டாம். புரதம் போதிய அளவு இல்லாமல் இந்தப் பயிற்சி பலன் தராது. பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை, அதாவது எடை குறைப்பதற்கான அறுவை சிகிச்சை, செய்துகொண்டவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 முதல் 80 கிராம் புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது. இரும்பு, பி12, வைட்டமின் டி, துத்தநாகம் ஆகியவற்றின் அளவைச் சோதித்து, குறைவிருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். பின்னாளில் அறுவை சிகிச்சைக்குப் போனால் காயம் ஆறுவது இவற்றைப் பொறுத்தே அமையும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. தொங்கும் தோலைக் கையால் பிடித்துப் பார்த்து, அது இன்னும் கரையாத கொழுப்பு என்று நம்பி, உணவை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடை எத்தனை குறைந்தாலும் தோல் கரையாது. ஐந்து மாதங்களாக எடை அசையாமல் நிற்பதை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அது உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல செய்தி.

அன்றாடப் பராமரிப்பில் முதன்மையானது மடிப்புகளை உலர்வாக வைப்பதுதான். தோலோடு தோல் உராயும் இடத்தில் ஈரமும் வெப்பமும் தங்கும்போது அழற்சி உண்டாகிறது. கேண்டிடா என்ற பூஞ்சை அங்கே எளிதில் குடியேறிவிடுகிறது. மென்மையான சோப்பால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மடிப்பைச் சிறிது நேரம் காற்றுப்பட விடுங்கள். உராயும் இடங்களில் துத்தநாக ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிய படலமாகப் பூசலாம். இறுக்கமாகப் பொருந்தி வியர்வையை உறிஞ்சும் உள்ளாடை, தொங்கும் தோலை உடலோடு சேர்த்துப் பிடித்து, நடப்பதையும் ஓடுவதையும் எளிதாக்கும். பயிற்சியைக் கைவிட்ட பலர் இந்த ஒரு மாற்றத்தால் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். சிவந்து, ஓரங்களில் சிறு கொப்புளங்களோடு அரிப்பு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். குளோட்ரிமசோல் போன்ற களிம்பை மருத்துவர் தருவார். சிவப்பு வேகமாகப் பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு முறை புண் வரும்போதும் தேதியோடு புகைப்படம் எடுத்து, பெற்ற சிகிச்சையின் குறிப்புகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தோலை நீக்குவது அழகுக்காக அல்ல, மருத்துவத் தேவைக்காக என்று காப்பீட்டு நிறுவனத்திடம் நிறுவ வேண்டி வந்தால் இந்தப் பதிவுகளே துணை நிற்கும்.

அறுவை சிகிச்சையை விரும்புவது வீண் ஆசை என்று உங்களுக்கு நெருங்கியவர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தொங்கும் வயிற்றுத் தோலை நீக்குவது நேற்று வந்த அழகுக்கலை அன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹோவர்ட் கெல்லி 1899-ஆம் ஆண்டிலேயே அத்தகைய அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று அதில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். பானிகுலெக்டமி என்பது தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி நீக்குவது. அப்டோமினோபிளாஸ்டி என்பது அதோடு விலகிப்போன வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைத்து, தொப்புளையும் உரிய இடத்தில் அமைப்பது. இடுப்பைச் சுற்றி முழு வட்டமாகத் தோலை நீக்குவதும், கைகளுக்கும் தொடைகளுக்கும் மார்புக்கும் தனித்தனியே செய்வதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வது பாதுகாப்பன்று; மாதக்கணக்கில் இடைவெளி விட்டுக் கட்டம் கட்டமாகவே செய்வார்கள். ஆகவே உங்களை மிகவும் வருத்துவது எந்த இடம் என்பதை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. நிபுணர்கள் பயன்படுத்தும் பிட்ஸ்பர்க் அளவுகோல் உடலைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண் தருகிறது. பாடி-கியூ என்ற வினாத்தாள் நோயாளி தாமே உணரும் துன்பத்தை அளக்கிறது. மருத்துவரின் மதிப்பெண்ணும் உங்கள் மதிப்பெண்ணும் வேறுபட்டால், எந்தப் பகுதியை முதலில் செய்வது என்பதில் உங்கள் மதிப்பெண்ணுக்கே முதலிடம் கேளுங்கள்.

தோலை நீக்கும் அறுவைக்கு முன், எடை மூன்று முதல் ஆறு மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நிலையாக நின்றிருக்க வேண்டும்; பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதற்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் காத்திருப்பது வழக்கம். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டு எண் (BMI) 30-க்கும் கீழே இருந்தால் சிக்கல்கள் குறையும். புகைபிடிப்பவர்கள் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்களாவது முற்றிலும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வெட்டிய ஓரங்களுக்கு இரத்த ஓட்டம் போதாமல் தோல் கருகிவிடக்கூடும். இனி கருவுறும் எண்ணம் இருந்தால் வயிற்று அறுவையை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைக்க உதவும் செமாகுளூட்டைடு, டிர்செபடைடு போன்ற ஊசி மருந்துகள் இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதால், அவற்றைப் போட்டுக்கொள்பவர்கள் மயக்க மருந்து நிபுணரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காயத்தின் ஓரம் பிரிவது, தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது, தொற்று, இரத்தக் கசிவு ஆகியவை பெருமளவு எடை குறைத்தவர்களுக்கு அரிதாக நிகழ்பவை அல்ல. அரிதானாலும் உயிருக்கு ஆபத்தானது, காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. சில இடங்களில் உணர்ச்சி மரத்துப்போய் மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாக, அப்படியே இருக்கும். தொங்கும் தோலைக் கொடுத்து நீண்ட தழும்பை வாங்கிக்கொள்கிறீர்கள் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உண்மையான கணக்கு. அந்தத் தழும்பு வெளிறி மென்மையாக ஓராண்டுக்கு மேலாகும். இத்தனையும் அறிந்த பின்னும் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர், நடமாட்டமும் உடையும் சுகாதாரமும் எளிதானதாகச் சொல்லி நிறைவடைகிறார்கள். அந்த நிறைவு உண்மையானது. கூடவே மற்றொன்றும் நிகழ்வதுண்டு: வயிறு சரியானதும், அதுவரை கண்ணில் படாத தொடை கண்ணை உறுத்தத் தொடங்குகிறது. இது மனத்தைப் பற்றிய பேச்சு.

பருமனாக இருந்தபோதைவிட இப்போது கூச்சம் அதிகம் என்கிறீர்களே, அது விந்தையானதன்று. அந்த நாள்களில் பலர் கண்ணாடியில் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகிவிடுகிறார்கள். எடை குறையக் குறையத்தான் உடலை உற்றுப் பார்க்கும் பழக்கமே தொடங்குகிறது. இரண்டு ஆண்டுகளாக, எடை குறைந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று மனம் தனக்குத்தானே சொல்லிவந்திருக்கிறது. எடை குறைந்துவிட்டது, ஆனால் அந்த வாக்கு நிறைவேறவில்லை. வெளியே எல்லோரும் பாராட்டுகிறார்கள், அவர்கள் பாராட்டுவது உடை அணிந்த உடலை. உடை களைந்த உடலைப் பற்றி யாரிடமும் பேச முடிவதில்லை, பேசினால் நன்றியில்லாதவர் ஆகிவிடுவோமோ என்ற அச்சம் வேறு. பாராட்டு கூடக்கூட இந்த இடைவெளி பெரிதாகி, ஏதோ ஏமாற்றிப் பெற்ற பாராட்டு என்றுகூடச் சிலருக்குத் தோன்றிவிடுகிறது. தோலைவிட இந்தத் தனிமையே பலரை வாட்டுகிறது என்று நினைக்கிறேன்.

மேலும், மூளையில் இருக்கும் உடலின் உருவம் உடலோடு சேர்ந்து இளைப்பதில்லை. அகலமான வாயிலிலும் பக்கவாட்டில் திரும்பி நுழைவது, நாற்காலியில் உட்காரும் முன் அது தாங்குமா என்று பார்ப்பது, கடையில் கை தானாகவே பெரிய அளவுச் சட்டைக்குப் போவது எல்லாம் எடை குறைந்து நெடுங்காலம் ஆன பின்னும் தொடரும். உளவியலாளர் தாமஸ் கேஷும் உடன் பணியாற்றியவர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு பருமனாக இருந்து இளைத்த பெண்கள், உருவம் குறித்த சில அளவீடுகளில், எப்போதும் பருமனாக இல்லாத பெண்களைவிட அப்போதும் பருமனாக இருந்த பெண்களையே ஒத்திருந்தார்கள். இளைத்த பின்னும் பழைய பருமன் மனத்தில் தங்கிவிடும் இதைப் பேண்டம் ஃபேட் என்று அழைப்பார்கள். இது உங்கள் மன உறுதியின் குறைவால் வருவதன்று.

இதற்கு உதவுபவை எளியவை, ஆனால் பொறுமை கேட்பவை. ஒரு நாளில் எத்தனை முறை தோலைக் கிள்ளிப் பார்க்கிறீர்கள், எத்தனை முறை கண்ணாடியைத் தவிர்க்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்; அடிக்கடி சோதிப்பதும் அடியோடு தவிர்ப்பதும் ஒரே அச்சத்தின் இரு வடிவங்கள், இரண்டும் அதை வளர்க்கவே செய்கின்றன. பிறகு, குறித்த நேரத்தில் சில நிமிடங்கள் கண்ணாடி முன் நின்று, தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு பகுதியையும் தீர்ப்புச் சொல்லாத சொற்களால் வருணியுங்கள்: நிறம், வடிவம், நீளம், அசைவு. ‘அசிங்கம்’ என்ற சொல் வந்தால், அதற்குப் பதிலாகக் கண் உண்மையில் காண்பதைச் சொல்லுங்கள். வயிற்றிலேயே நின்றுவிடாமல் எல்லாப் பகுதிக்கும் சம நேரம் கொடுப்பதுதான் இதில் முக்கியம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர்கள் இதை முறையாகக் கற்றுத் தருகிறார்கள். தொடக்கத்தில் அவர்கள் துணையோடு செய்வதே நல்லது. இப்போதைய அளவுக்குப் பொருந்தும் உடைகளை வாங்கி, பழையவற்றை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். இணையத்தில் காணும் ‘முன்பு, பின்பு’ படங்களோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். அவற்றில் எவை அறுவை சிகிச்சைக்குப் பின் எடுத்தவை, எவை இறுக்க உடைக்குள் தோலை மடித்து வைத்து எடுத்தவை என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

உடலை நேசிக்க வேண்டும் என்று உங்களிடம் நான் சொல்லப் போவதில்லை. நேசிக்க முடியாத நாளில் அது இன்னொரு தோல்வியாகவே மனத்தில் பதியும். உடலைப் பற்றி எதுவும் எண்ணாமல் ஒரு பிற்பகல் கடந்துபோனால் போதும்; அப்படிப்பட்ட பிற்பகல்கள் கூடிக்கொண்டு வருவதே முன்னேற்றம்.

சில அறிகுறிகளுக்குச் சுய உதவி போதாது. தோலைப் பற்றிய எண்ணம் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்கொண்டு வேலையையும் உறவையும் கெடுத்தால், அது உடல் தோற்றத்தைப் பற்றிய மனக்கோளாறாக இருக்கலாம். அந்த நிலையில் செய்யும் அறுவை சிகிச்சை அநேகமாக நிறைவு தராது, மனநல மருத்துவரையே முதலில் பார்க்க வேண்டும். உண்டதை வாந்தியெடுப்பது, இரவில் கட்டுப்பாடின்றி உண்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது ஆகியவையும் அப்படியே. பேரியாட்ரிக் அறுவையின் ஒரு வகையான இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், இரண்டாம் ஆண்டில் மதுப் பிரச்சினை அதிகரிப்பதை அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அவர்கள் உடலில் மது வேகமாக ஏறுகிறது என்பதால், கூச்சத்தை மறக்கக் குடிப்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்தானது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், அன்றைக்கே நெருங்கிய ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் வாழ்க்கைத் துணை. விளக்கை அணைத்துவிட்டு, சட்டையைக் களையாமல், காரணமும் சொல்லாமல் விலகிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காரணத்தை அறியாதவர், தன்னைத்தான் நீங்கள் விரும்பவில்லை என்று எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆகவே இதைப் படுக்கையில் அல்லாமல், இருவரும் உடையோடு ஓய்வாக இருக்கும் வேளையில் பேசுங்கள். ‘என் வயிற்றுத் தோலைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, நீ விலக வேண்டாம், எனக்குக் கொஞ்சம் காலம் கொடு’ என்பது போன்ற ஒரு வாக்கியம் போதும். எந்த இடத்தைத் தொடலாம், எந்த இடத்தை இப்போதைக்கு வேண்டாம், எவ்வளவு வெளிச்சம் இருக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தயக்கம் தளரத் தளர அந்த எல்லைகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உங்களைத் தேற்ற ‘எனக்கு அது தெரியவே இல்லை’ என்று அவர் சொன்னால், அது பொய்யாகத் தோன்றி எரிச்சலூட்டக்கூடும். தெரிகிறது, ஆனாலும் உன் அருகில் இருக்க விரும்புகிறேன் என்று சொல்வதே உங்களுக்கு உதவும் என்று அவரிடம் முன்பே சொல்லி வைக்கலாம். அவர் கேலி செய்கிறவராகவோ, அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி நெருக்குகிறவராகவோ இருந்தால், அது தோலைப் பற்றிய சிக்கல் அன்று, உறவைப் பற்றிய சிக்கல். இணையருக்கான ஆலோசகரிடம் போங்கள். அங்கே இருவரும் சேர்ந்து போவது நல்லதுதான் என்றாலும், முதல் சந்திப்பில் சிறிது நேரம் உங்களைத் தனியாகப் பார்க்கும்படி ஆலோசகரைக் கேட்டுக்கொள்ளுங்கள். துணையின் முன் சொல்லத் தயங்குவதை அங்கே சொல்லிவிட முடியும்.